முள் சைபரில் நின்ற மத்தியானம்

அயல்வீட்டுச் செல்லையா அண்ணை எங்கள் படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தோட்டத்து மண் ஒட்டிய சாரம், தோளில் துவாய், கையில் ஒரு வளையம் செப்புக் கம்பி. யோசப்பை அடக்கம் செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"தம்பி, உந்தக் கம்பி நீங்கள் பாவிச்சதாம். நான்தான் வெட்டினனான்" என்றார்.

நான் அவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது தம்பி. ரெலிபோன் செத்து எத்தினை வருசம். எல்லாரும் வெட்டினம். பதுங்கிற பங்கருக்கு மேலை பனங்குத்தி அடுக்கிக் கட்டக் கயிறு இல்லை, அதுக்குத்தான் வெட்டினனான். கடவுளறியத் தெரியாது."

அறுபது வயது மனிதர். கம்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அவரிடம் நான் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருந்தது. அது என் வாய்க்குள்ளேயே இருந்தது. நான் கம்பியை வாங்கிக்கொண்டு, "சரி அண்ணை, போட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் போனார்.

யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது என்று இந்தப் பத்தியில் இத்தனை வாரமாகச் சிரிப்பாகவே எழுதிவிட்டேன். ஒரு வாசகர், "காற்றாடியில் கரண்ட் எடுத்தீர்களாமே, அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். யோசப்பு எப்படிச் செத்தார், அது யாருடைய பிழை என்று சொல்லாமல் அந்தக் காற்றாடியைப் பற்றி என்னால் எழுத முடியாது. அதனால்தான் தள்ளிப்போட்டேன். இனித் தள்ளிப்போட எனக்கு வயது இல்லை.

செத்த லைன்

நான் ரெலிபோன் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தவன். எங்கள் எக்ஸ்சேஞ்ச் எரிந்துபோனது. உத்தியோகம் மட்டும் மிஞ்சியது. தூண்களும் அவற்றின் தலையில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களும் கம்பிகளும் அப்படியே நின்றன. பேச்சுத்தான் இல்லை.

சனம் கம்பியைச் சும்மா விடுமா? வேலி கட்ட, ஆடு கட்ட, வாளிக்குக் கைபிடி போட என்று வெட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்தும் பாராத மாதிரிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு வீட்டில் அந்தக் கம்பியால் கொடி கட்டி நல்ல கூறைச்சேலை ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். அது தபாற்கந்தோருக்குப் போன லைன் என்பது எனக்கு உடனே தெரிந்தது. அந்த லைனில் எத்தனை நாள் பழுது பார்த்து வெயில் குடித்திருப்பேன். சேலை வடிவாய்க் காய்ந்தது, அது போதும் என்று வந்துவிட்டேன்.

தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரமும் இல்லை. பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தவம். எங்கள் ஊரில் சிறிய சிகிச்சை நிலையம் ஒன்று நடந்தது. டொக்டர் கிழமைக்கு ஒரு நாள். மற்ற நாள் எல்லாம் ஒரு மிஸிதான், அதாவது நேர்ஸ். பிள்ளைப்பேறு பார்ப்பதும் காயம் தைப்பதும் அவர்தான். ஒருநாள் காலையில் கண் சிவந்து வெளியே வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு சொன்னார்.

"குப்பி விளக்கிலை நேற்றுத் தைச்சது கண்ணாலை பாத்தில்லை அண்ணை. விரலாலை தடவித்தான் தைச்சனான். இனி இப்பிடி ஏலாது."

பக்கத்தில் நின்றவர் யோசப்பு. குருநகரில் வள்ளம் வைத்திருந்தவர். மனைவி றீற்றாவையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்திருந்தார். கடலுக்குப் போகத் தடை, கைக்கு வேலை இல்லை. சிகிச்சை நிலையத்துக் கதவு, கட்டில் எல்லாம் அவர்தான் செப்பமிடுவார். வயது என்னளவுதான். நான் அவரை அண்ணை என்பேன், அவரும் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கரையிலை ஒரு இரும்புக் கோபுரம் நிக்குதெல்லோ" என்றார் யோசப்பு. "அதுக்குக் காத்தாடி இலை நான் சீவித்தாறன். கரண்ட் நீங்கள் எடுப்பீங்களோ?"

கரையில் ஆள் நிற்கேலாது

கோபுரம் ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது. தோட்டக்காரர் கொழும்பு போய்ச் சேர்ந்தார். தகட்டு இலைகள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. யோசப்பு வள்ளப் பலகை சீவுகிற கைப்பதத்தோடு வேப்பமரத்தில் மூன்று இலை சீவினார். கையால் தடவித் தடவிச் சீவினார், நான் அளவுகோல் கொடுத்தபோது சிரித்தார். லொறி டைனமோ ஒன்றை நான் தேடிப் பிடித்தேன். பழைய பற்றறிகளைக் கழுவி, தகடு மாற்றி உயிர்ப்பித்தோம்.

சிக்கல் வேறு. அந்தக் கரை கடலேரிக்கு அப்பால் இருந்த இராணுவ முகாமுக்கு நேர் எதிரே இருந்தது. பகலில் அங்கே ஆள் நடமாட்டம் கண்டால் வெடி வரும். ஆனால் காற்றாடிக்குக் காவல் வேண்டும். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பலத்து வீசினால் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தன் வேகத்தாலேயே உடைந்துபோகும். நிறுத்துவது என்றால் பின்னாலுள்ள வாலை மடக்குவது. வால் மடங்கினால் காற்றாடி காற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். அதற்கான பிடி கோபுரத்தின் உச்சி மேடையில் இருந்தது. யார் ஏறி நிற்பது?

அப்போதுதான் எனக்கு என் செத்த லைன் ஞாபகம் வந்தது. சிகிச்சை நிலையத்திலிருந்து கரைத் தோட்டம் வரை ஒரு மைல். தூண் முழுக்க நின்றது. அறுந்த இடங்களை ஒட்டி ஒரு சோடிக் கம்பியை மீட்டேன். காற்றாடியின் அச்சில் சைக்கிள் டைனமோ ஒன்றைப் பொருத்தினேன். அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு கரண்ட் கம்பியில் வரும். இந்த முனையில், சிகிச்சை நிலையத்தின் பின்னறையில், எக்ஸ்சேஞ்சின் சாம்பலுக்குள் கிடந்து தப்பிய ஒரு மீற்றர். காற்றாடி ஓடினால் முள் எழும்பும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். அதே கம்பியில் கரண்ட் அங்கே போகும், அங்கே ஒரு மோட்டர் வாலை மடக்கும்.

இன்றைக்கு என் மருமகன் வெளிநாட்டில் இதே வேலைதான் செய்கிறான். கடலுக்குள் நிற்கிற நூறு காற்றாடிகளை எங்கோ ஒரு நகரத்தில் கண்ணாடி அறைக்குள் கோப்பி குடித்தபடி பார்க்கிறான். நான் அதை அன்றைக்கே செய்தவன் என்று அவனுக்குச் சொன்னால் பகிடி என்று நினைப்பான்.

முதல்முறை முள் எழும்பியபோது மிஸி கை தட்டினார். யோசப்பு சிலுவை போட்டுக்கொண்டார். நான் சும்மா நின்றேன், நெஞ்சு நிறைந்திருந்தது. அதற்கு முதல் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

ஒரு விசயம் ஊருக்குச் சொல்லவில்லை. கரைக்குக் கம்பி போகிறது என்று வெளியே தெரிந்தால் எல்லாப் பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே அந்தக் கம்பிக்கு உயிர் வந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டுந்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது பழைய ரெலிபோன் கம்பிதான்.

நாங்கள் சண்டை பிடித்தது

பொத்தானைப் பற்றி எனக்கும் யோசப்புக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழுக்கதையும் இதில்தான் இருக்கிறது.

வாலை மடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கம்பியில் எப்போதும் சிறிது கரண்ட் போய்க்கொண்டிருக்கும், அந்தக் கரண்ட்தான் வாலை விரித்துப் பிடித்திருக்கும். கரண்ட் நின்றால் வால் தானாக மடங்கிவிடும். கம்பி அறுந்தாலும் மடங்கும். இரண்டாவது வழி, சாதாரண நேரத்தில் கரண்ட் போகாது. மடக்க வேண்டும் என்றால் மட்டும் நான் பொத்தானை அழுத்தி அனுப்புவேன்.

நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். முதல் வழியில் நாள் முழுக்கப் பற்றறி கரையும். மெழுகுவர்த்தித் துண்டைக் கூடச் சேர்த்து உருக்கி மறுபடி வார்த்த காலம் அது. ஏற்றுகிற கரண்டில் ஒரு பங்கைச் சும்மா வாலைப் பிடித்திருக்கக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

யோசப்பு கேட்டார்: "அண்ணை, கம்பி அறுந்தால்?"

"அறுந்தால் ஒட்டுவம்."

"அதில்லை. அறுந்த நேரத்திலை காத்துப் பலத்தால் உது நிக்குமோ?"

"நிக்காது."

"எங்கடை ஆக்கள் பாய்க்கயிறைக் கட்டிவைக்க மாட்டினம். கையிலை பிடிச்சிருப்பினம். மயங்கி விழுந்தாலும் கை விடும், பாய் காத்தைக் கொட்டிப்போடும். வள்ளம் நிக்கும். உதையும் அப்பிடிச் செய்யுங்கோவன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது பாய் இல்லை அண்ணை, இது எலக்ரிசிற்றி" என்றேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு சிரித்துக்கொண்டு, "சரி, உங்கடை வேலை உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். என் வேலை எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒன்றரை வருசம் அந்தக் காற்றாடி ஓடியது. இருட்டு விலகுமுன் யோசப்பு சைக்கிளில் போய், ஏறிய பற்றறியைக் கழற்றிக் காலியானதைப் பூட்டிக்கொண்டு வருவார். மிஸி வெளிச்சத்தில் தைத்தார். எத்தனையோ பிள்ளைகள் வெளிச்சத்தில் பிறந்தன.

அந்த மத்தியானம்

சோளகம் பிறந்து இரண்டு மூன்று கிழமை. காலையில் இருந்து முள் துள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய் இறங்கியது. நான் மேசையில் ஒரு றேடியோவைப் பிரித்து வைத்து, கரியில் காய்ச்சிய இரும்பால் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது முள் சைபரில் கிடந்தது.

காற்று விழுந்துவிட்டது என்று நினைத்தேன். மத்தியானத்தில் சோளகம் சில நாள் அப்படி விழும். சிகிச்சை நிலையம் பனங்காணிகளுக்கு உள்ளே இருக்கிறது, கரைக் காற்று அங்கே தெரியாது. எனக்குக் காற்று என்றால் அந்த முள்தான்.

ஒரு தரம் பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தால் கம்பியில் உயிர் இல்லை என்று தெரிந்திருக்கும். அழுத்தவில்லை. வீணாகக் கரண்ட் போகுமே என்று அதை அநாவசியமாகத் தொடுவதில்லை.

யோசப்பு உள்ளே வந்தார். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. மிஸியின் பற்றறி இறங்கிவிட்டது.

"முள் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"விழுந்திட்டுது. காத்தில்லை."

"அப்ப நல்லது. வானமும் மூடிக் கிடக்கு, அங்காலை இருந்து பாத்தாலும் ஆள் தெரியாது. போய்ப் பற்றறியை மாத்திக்கொண்டு கெதியா வாறன்."

"கவனம் அண்ணை" என்றேன், இரும்பை ஊதிக்கொண்டு.

போனவர் திரும்பி வரவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துச் செல்லையா அண்ணைதான் சைக்கிளில் வந்து விழுந்தார். அவருடைய தோட்டம் கரையோரம். "மிஸியைக் கூப்பிடுங்கோ, அந்த மனிசனைக் காத்தாடி அடிச்சுப்போட்டுது" என்றார்.

நாங்கள் போனபோது காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மூன்று இலையில் ஒன்று முறிந்து காணிக்குள் கிடந்தது. யோசப்பு ஏணியடியில் கிடந்தார். மிஸி குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் கம்பியைத் தொட்டுக்கொண்டு தூண் தூணாக நடந்தேன். ஒரு பனங்காணிக்குள் இரண்டு தூணுக்கு நடுவே கம்பி இல்லை. புதிதாக வெட்டிய முனை மினுங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பி விசயம் ஊருக்குத் தெரியவந்தது.

அந்தப் பெண்ணுக்குக் குப்பி விளக்கில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம் என்று மிஸி சொன்னார், சொல்லிவிட்டுச் சுவரோடு திரும்பி நின்று அழுதார்.

கம்பி வெட்டின செல்லையா

இப்போது மறுபடி படலைக்கு வருகிறேன். செல்லையா அண்ணை அன்று இன்னும் ஒன்று சொன்னார்.

"நான் கம்பியை வேலியோரம் போட்டிட்டுத் தோட்டத்துக்கு வந்தனான் தம்பி. அவர் சைக்கிளை விட்டிட்டு மேலை பாத்தவர். உடனை ஏறேல்லை. நிண்டு பாத்துக்கொண்டே இருந்தவர், நல்ல நேரம். பேந்துதான் ஏறினவர். ஏன் நிண்டவரோ தெரியாது."

எனக்குத் தெரியும். நான் பொத்தானை அழுத்துவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். காற்று இப்போதுதான் எழும்பியிருக்கிறது, காற்றாடி பேய்பிடித்துச் சுற்றுகிறது, முள் சிவப்பைத் தாண்டியிருக்கும், அண்ணை பார்த்துக்கொண்டிருப்பார், இப்போது வால் மடங்கும் என்று நின்றிருக்கிறார். மடங்கவில்லை. இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், காற்றாடி உடைந்தால் இனி எப்போதும் இல்லை என்று எண்ணி, கையால் மடக்க ஏறியிருக்கிறார்.

சைபர் வேறு, செய்தி வராமல் இருப்பது வேறு. என் மீற்றருக்கு இரண்டும் ஒன்றுதான். காற்று இல்லாதபோதும் சின்னதாக ஒரு கரண்ட் வரும்படி வைத்திருந்தால் கம்பி அறுந்ததை முள்ளே சொல்லியிருக்கும். இதை நான் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். தொழிற்சாலைகளில் எல்லாம் அப்படித்தானாம். யோசப்பு புத்தகம் படிக்காமலே கேட்டதை நான் எலக்ரிசிற்றி என்று சொல்லி வாயடைத்தேன்.

செல்லையா அண்ணை எனக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. றீற்றாவிடம் போனார், கோயிலடியில் சொன்னார், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொன்னார். ஊருக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது, அவர் தானாகவே வந்து நின்றார். கம்பி வெட்டின செல்லையா என்று பெயர் வைத்தார்கள். நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடுவது குறைந்தது.

அவர் பங்கரில் கட்டியிருந்த மிச்சக் கம்பியையும் அவிழ்த்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பங்கருக்குள்ளும் இறங்கவில்லை. குண்டு போட பொம்மர் விமானம் வரும்போது மகளையும் பேரப்பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியே கிணற்றுக்கட்டில் இருப்பார். மகள் அழுது கூப்பிடுவாள். "எனக்கு உதுக்குள்ளை வாறதுக்கு முகம் இல்லைப் பிள்ளை" என்பார். இதை அயல்வீட்டில் இருந்து நான் என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு என் பங்கருக்குள் இருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே போதும். மூன்று வருசம் சொல்லவில்லை. வெட்கம் என்று சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். கெட்டிக்காரன் என்று ஊர் வைத்திருந்த பெயரை விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

சாவகச்சேரியில் ஒரு வகுப்பறை

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுக்க ஒரே மழையில் எழும்பி நடந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம். செல்லையா அண்ணையின் குடும்பம் வேறொரு கட்டடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு வழியில் நனைந்து காய்ச்சல் என்றார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பக்கத்துத் தேவாலயத்து வளவில் றீற்றா இருந்தார். போனேன். பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். வாலைப் பற்றி, கரண்டை மிச்சம் பிடித்ததைப் பற்றி, யோசப்பு கேட்டதைப் பற்றி, முள்ளைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன். "செல்லையா அண்ணையிலை பிழை இல்லை. பிழை என்னிலை" என்றேன்.

றீற்றா அகப்பையை வைக்கவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும் அண்ணை" என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்ச அண்டைக்கே வந்து சொன்னவர். அறுந்தால் நிக்காது எண்டன், அண்ணை கேக்கிறார் இல்லை எண்டு சிரிச்சவர்."

நான் கேட்டேன்: "அப்ப ஏன் செல்லையா அண்ணைக்குச் சொல்லேல்லை?"

"ஆர் சொன்னது சொல்லேல்லை எண்டு? எத்தினை தரம் சொன்னனான். அவர் நம்பேல்லை. நீ என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுறாய் பிள்ளை, அப்பிடி எண்டால் அந்தத் தம்பி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்காதோ எண்டு கேட்டவர்."

கஞ்சியை வார்த்து முடித்தார். பிறகு என்னை நேரே பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் போய்ச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் அண்ணை. கடைசி நேரம் வரைக்கும் அவர் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவர்."

செல்லையா அண்ணையின் மகள் இன்று எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. இந்த வார இதழ் கடல் கடந்தும் போகிறது என்கிறார்கள். அவருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை, உங்கள் அப்பா உங்களைக் காப்பாற்ற ஒரு செத்த கம்பியை வெட்டினார். அவர் வெட்டினாலும் நிற்கிற காற்றாடியை நான் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை.